கிப்லாவுக்குத் திருப்பிய கட்டில்

இதை எழுத வருஷக்கணக்காகத் தயங்கினேன். என் கணவரின் அக்கா, அவருக்கு ராத்தா, எனக்கு மதினி, அடுத்த வளவில்தான் இருக்கிறார். குர்ஆன் ஓதியதைத் தடுத்தவள் என்று ஊர் என்னைப் பேசும் என்ற பயமும் இருந்தது. பயம் போய்விட்டது. கோபம் போகவில்லை.

என் கணவர் குறிஞ்சிப்பிட்டியில் களப்பில், கடலை ஒட்டிய காயலில், மீன் பிடித்தவர். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. "தினமும் அசைக்க வையுங்க, எழும்புவார்" என்று சொல்லித்தான் டொக்டர் வீட்டுக்கு அனுப்பினார். களப்புத் தெரியும் ஜன்னலோரமாக அவர் கட்டிலைப் போட்டேன்.

நோயாளியைப் பார்க்க வருவது சுன்னத்து, நபி காட்டிய வழி. வந்தவர்களோ பிஸ்கட்டை வைத்துவிட்டு, அவர் காதுபடவே, "எப்படி ஓடித்திரிந்த மனுஷன்" என்று மூக்கைச் சிந்தினார்கள். மௌத்தானவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களைப் போல.

ஒருநாள் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சக்கராத்தில், சாகும் தறுவாயில், கிடப்பவரைத் திருப்புவதுபோல் கட்டிலைத் தொழும் திசையான கிப்லாவுக்குத் திருப்பியிருந்தார்கள். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மதினியும் அவருடைய இரண்டு மகள்மாரும் சூழ்ந்திருந்து, உயிர் பிரியும் நேரத்தில் ஓதும் சூராவை ஓதிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கண்ணை மூடிக் கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தார். அல்லாஹ்வின் வசனத்தை இடையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பாணைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். முடிந்ததும் கேட்டேன்.

"ஆருக்கு மதினி மௌத்து?"

"சத்தம் போடாத புள்ள. நெனவு இரிக்கக்குள்ளயே கேட்டுக்கட்டும். நன்மதானே."

"நேத்து அரை றாத்தல் பாண் திண்ட மனுஷனுக்கா?"

"அல்லாஹ்ட நாட்டத்துக்குக் குறுக்க நிக்காத. சபுர் செய், பொறுமையா இரி."

"கட்டிலத் திருப்பினது அல்லாஹ்வா, நீங்களா?"

மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

கட்டிலை நான் ஒருத்தியாகவே இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன். ஆனால் ஊட்டப் போனால் அவர் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி ஆறிப்போனது. காலை நீவப் போனால், "இனி என்னத்துக்கு? ராத்தாக்கு வெளங்கும்" என்றார். மதினியைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. உயிர் அமானிதம். தந்தவன் கேட்குமுன் திருப்பிக் கொடுக்க இவர் யார்?

மறுநாள் காலையில் களப்பில் ஒரு தோணி வலை விட்டது.

"ஆரோ கண்டல் பக்கம் வல போடுறான்" என்றேன்.

"ஆர்?"

"எனக்கெங்க தெரியும்? நீங்களே பாருங்க."

ஜன்னல் கம்பியில் ஒரு தோணிக் கயிற்றைக் கட்டி இடது கையில் கொடுத்தேன். பிடித்து இழுத்து, மூச்சு வாங்க, தலையைத் தூக்கினார்.

"மடையன். அங்க கண்டல் வேர்ல வல சிக்கும்."

"போய்ச் சொல்லுங்க."

"எப்படிப் போற?"

"கால் ரெண்டும் இரிக்கிதானே. முதல்ல கஞ்சியக் குடிங்க."

குடித்தார். அன்றிலிருந்து, களப்பில் யார் என்ன செய்கிறான் என்று பார்க்கவே கயிற்றை இழுத்தார். பிறகு ஜன்னல் போதவில்லை, வாசலுக்கு வந்தார். இன்று கோலூன்றிப் பள்ளிக்குப் போகிறார். வலது கை முழுதாக வரவில்லை. வலையைப் பல்லால் கவ்விக்கொண்டு இடது கையால் கிழிசலைப் பொத்துகிறார்.

"நாங்க ஓதினதாலதான் எழும்பினான்" என்று மதினி இன்றும் சொல்கிறார். குர்ஆனின் பறக்கத்தை, அதன் அருளை, நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் எழும்பவேண்டும் என்றா அன்றைக்கு ஓதினார்கள்?

யாருக்காவது இதைச் சொல்வதானால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் ஓதலை நிறுத்தினேன் என்று திரிக்கவேண்டாம், அவர் முழுச்சுகமானார் என்று கூட்டவும் வேண்டாம். அவர்கள் கட்டிலைத் திருப்பினார்கள், நான் பழையபடி இழுத்துப் போட்டேன்.