முட்டியைக் கேட்டு நடந்த அம்மா

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். யாரிடம் சொன்னாலும், "உண்ணாமுலை அம்மனே வந்திருக்காங்க" என்று கும்பிட்டுவிடுகிறார்கள்.

வேங்கிக்காலில் எனக்குச் சின்ன டிபன் கடை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். முதல் நாளே கிரிவலம் முழுக்கச் சுற்றக் கிளம்பி, எமலிங்கத்தருகே பாதம் கொப்பளித்து உட்கார்ந்துவிட்டேன்.

குண்டாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓர் அம்மா வந்தார். மலையைக் கும்பிட்டார். பிறகு குனிந்து தன் முட்டிகளைத் தட்டி, "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிங்க, சிரிங்க. இதுங்க மாட்டேன்னா அங்கயே ஆட்டோ ஏறிடுவேன். நாளைக்கும் வரணும்ல? அண்ணாமலையார் எங்க போயிடப் போறாரு?"

பேச்சுவாக்கில், கார்த்திகை தீபத்துக்குள் கீழ்பென்னாத்தூரிலும் பஸ் ஸ்டாண்டிலும் இன்னும் இரண்டு கடை திறக்கப் போவதைப் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தது.

"மாவு, சட்னியெல்லாம் யாரு?"

"என் சம்சாரம்தாங்க."

"அவங்க தோளைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"ஒன்னுன்னா சரிங்க. ரெண்டுன்னா நீங்களே ஆட்டிக்கோங்க" என்றாள், தோளைத் தேய்த்தபடியே.

ஒன்றுதான் திறந்தோம். அண்ணாமலையார் புண்ணியத்தில் பழையதும் புதியதுமாக இரண்டு கடையும் நன்றாக நடக்கின்றன. அவளும் சிரித்த முகமாக இருக்கிறாள்.

அந்த அம்மாவை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. அன்று என் கண்ணெதிரே, முட்டியை இன்னொரு முறை கேட்டுவிட்டு, ஆட்டோ ஏறித்தான் போனார். நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். எதையும் சேர்க்காமல் சொல்லுங்கள். அந்த ஆட்டோவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.