எல்லா ரிக்கெற்றும் விற்றுப்போன கச்சேரி

கனடாவில் ஊர் ஊராகப் பெயர் தெரிந்த ஒரு ரொக் இசைக்குழுவை எல்லைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அங்கே நெடுஞ்சாலைத் தேநீர்க்கடையில் வேலை செய்யும் பெண் அவர்களுடைய பாட்டை முணுமுணுப்பாள். பாரிஸில் அதே பாட்டைப் போட்டால், யார் இது என்று கேட்பார்கள். இதைப் பற்றி நான் வாசிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் சித்தப்பாவின் மகன். அவன் அப்படியான ஒரு குழுவில் கிற்றார் வாசித்தான். மற்ற மூன்று பேரும் வெள்ளைக்காரப் பெடியள், ஒன்றாகப் படித்தவர்கள்.

சித்தப்பாவுக்குப் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் பலசரக்குக் கடை. நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. சித்தியும் மகனும் டொரன்ரோவில் சித்தியின் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தார்கள். சித்தப்பா பாரிஸில் மாட்டிக்கொண்டார். அவருக்கு வதிவிடப் பேப்பர் கிடைத்தபோது மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. பள்ளிக்கூடத்தையும் நண்பர்களையும் விட்டு வர அவனுக்கு மனமில்லை. சித்தப்பாவுக்கும் கடையை விட்டுப் போக வழியில்லை. போய் வந்தார், அவ்வளவுதான். போன இரண்டு தடவையும் குழு எங்கோ கனடாவின் மேற்கு மாகாணங்களில் ஒரு பழைய வான் வண்டியில் அலைந்துகொண்டிருந்தது. மகன் ஓரிரண்டு நாள் வந்து நின்றுவிட்டுத் திரும்ப ஓடினான். கிற்றாரைக் கையில் எடுக்க நேரம் வரவில்லை.

அவர்கள் பாரிஸுக்கு வந்தது பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டின் யூன் மாதத்தில். சித்தப்பா இன்றும் கச்சேரி வெள்ளிக்கிழமை என்கிறார். இல்லை, வியாழன். வெள்ளியென்றால் பாதிச் சனம் கோயிலுக்குப் போயிருக்கும், மண்டபப் பக்கமே வந்திருக்காது. ஐரோப்பாவில் கச்சேரிகள் ஒழுங்கு செய்யும் ஒரு நிறுவனத்தின் பெண்மணி அன்று வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அடுத்த கோடையில் நாலைந்து நாடுகளின் விழாக்களில் அவர்களைச் சேர்த்துக்கொள்வார். இல்லாவிட்டால் திரும்பிப்போய் அதே நெடுஞ்சாலை, அதே வான். அதை நம்பியே நான்கு பேரும் தங்கள் கைக்காசில் விமானம் ஏறியிருந்தார்கள். மண்டபம் சின்னது, எங்கள் கடைத்தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னவன் நான்தான். அவர் அன்றைக்குப் பின்னேரமே தொலைபேசியை எடுத்துவிட்டார். எங்கள் ஆட்களுக்குள் ஒரு முறை உண்டு. சொந்தக்காரப் பிள்ளைக்கு நடன அரங்கேற்றமென்றால் ரிக்கெற்றை முகத்துக்காக எடுப்போம். நாட்டியம் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு கதை. சித்தப்பா மண்டபத்தின் ரிக்கெற்றுகளை ஒன்றும் மிச்சமில்லாமல் வாங்கி, எங்கள் ஆட்கள் இருக்கும் புறநகர்களான சார்செலுக்கும் எபினேக்கும் பிரித்து அனுப்பினார். மீன்கடைக்காரர் குடும்பமாக எடுத்தார். ரொக் என்றால் என்னவென்று கேட்டவரிடம் சித்தப்பா, "இளையராசா மாதிரித்தான், கொஞ்சம் சத்தம் கூட" என்றாராம்.

இரண்டு நாளில் மண்டபத்தின் இணையப் பக்கத்தில் 'கொம்ப்ளே' என்று வந்தது, எல்லாம் நிரம்பிவிட்டது என்று. மகன் நம்பமுடியாமல் எனக்கு அழைத்தான். பாரிஸில் எங்களை இவ்வளவு பேருக்குத் தெரியுமா என்று கேட்டான். நான் விளக்கினேன். சிரித்தான். ஆட்கள் வந்தால் போதும், யாராயிருந்தால் என்ன என்றான்.

மேடை ஏழரைக்கு என்று போட்டிருந்தது. அயலவர்கள் முறையிட்டதால் ஒன்பதுக்குப் பிறகு அந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி வேலை செய்யக்கூடாது. ஏழு மணிக்கே வாசலில் இளம் பிரெஞ்சுப் பெடியள் கொஞ்சப் பேர் நின்றார்கள். இணையத்தில் கேட்டுப் பிடித்துப்போய் வந்தவர்கள். ஒருத்தி அந்தக் குழுவின் பெயர் போட்ட சட்டை அணிந்திருந்தாள். கதவில் இருந்த 'கொம்ப்ளே' அட்டையைப் பார்த்தார்கள், யாராவது ரிக்கெற் விற்பார்களா என்று கேட்டுச் சுற்றினார்கள், பிறகு போய்விட்டார்கள்.

ஏழரைக்கு உள்ளே என்னோடு சேர்த்து விரலில் எண்ணக்கூடிய ஆட்கள். அந்தப் பெண்மணி பின்சுவரில் சாய்ந்து நின்றார். மேடையில் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தொடங்கினார்கள்.

எங்கள் சனம் வராமல் இருக்கவில்லை. எங்கள் நேரத்துக்கு வந்தார்கள். ஏழரை என்று அடித்தால் ஒன்பது என்று எல்லாரும் அறிவார்கள். கடை பூட்டவேண்டும், உணவகத்தில் மாற்றாள் வரவேண்டும், சேலை உடுத்தவேண்டும். யூன் மாதத்தில் பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருப்பதால் பிந்திவிட்டோம் என்ற எண்ணமே ஒருவருக்கும் வரவில்லை. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிக் குடும்பம் குடும்பமாக, பட்டும் நகையுமாக நடந்து வந்தார்கள். சித்தப்பா வாசலில் நின்றார். வருகிறவர்களை வீட்டுக்காரன் வாசலில் நின்றுதானே வரவேற்கவேண்டும். கல்யாண வீட்டைப் போலக் கைகூப்பி, வாங்கோ வாங்கோ என்று, ஏழு மணியிலிருந்து அந்த இடத்தை விட்டு அவர் அசையவில்லை. நான் ஒரு தடவை வெளியே போய் அவரை உள்ளே கூப்பிட்டேன். "ஆக்கள் வரேக்கை நான் உள்ளை இருந்தா என்ன மரியாதை?" என்றார்.

அந்தப் பெண்மணி நான்காவது பாட்டு முடியுமுன்னே போய்விட்டார். வாசலைத் தாண்டும்போது சித்தப்பா அவருக்கும் கைகூப்பினார்.

ஒலிபெருக்கி நின்றபோதுதான் கூட்டம் உள்ளே நுழையத் தொடங்கியது. மண்டபக்காரர் முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். ஆகவே எல்லாம் நடைபாதையில் நடந்தது. சித்தப்பா நான்கு பொன்னாடை வாங்கி வைத்திருந்தார். மேளம் அடித்த பெடியனுக்குப் போர்த்தும்போது அவன் வியர்வையோடு குனிந்து நின்றான். எல்லாரும் படம் எடுத்தார்கள். மகன் ஒவ்வொருவரிடமும், "ஓம் மாமா, ஓம் அன்ரி" என்று சிரித்துக்கொண்டே நின்றான். என் பக்கம் வந்தபோது மெல்லச் சொன்னான்:

"அண்ணை, அப்பாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. அவர் இண்டைக்குத்தான் சந்தோசமா இருக்கிறார்."

அடுத்த வசந்தத்தில் உலகமே பூட்டப்பட்டது. குழு அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. ஒருவன் தச்சுவேலைக்குப் போனான், ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது. சித்தப்பாவின் மகன் கிற்றாரை விற்றுவிட்டு ஒரு சரக்குக் களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறான்.

இவ்வளவு நல்ல பெடியள் ஏன் வெளியில் எடுபடவில்லை என்று சித்தப்பா என்னைக் கேட்டார். நான் வாசித்ததையெல்லாம் சொன்னேன். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து கனடாவில் ஒரு விதி இருக்கிறது, வானொலியில் ஒரு பங்கு உள்நாட்டுப் பாட்டாக இருக்கவேண்டும். அதனால் வீட்டிலேயே பிழைத்துக்கொள்ளலாம், வெளியே போகிற அவசரம் குறைந்துவிடுகிறது. நாடு அகலம், ஒரு சுற்று முடிக்கவே மாதங்கள் போய்விடும். அமெரிக்க எல்லையில் பேப்பர்த் தொல்லை. பாட்டுகளில் அவர்களுடைய ஏரியும் பனியும். கேட்கிறவனுக்கு ஊர் தெரியாது. ஒன்றும் பொய்யில்லை. அவர் கவனமாகக் கேட்டார். சில நாள் கழித்து, கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே ஒரு வாடிக்கையாளருக்கு வானொலி விதியை அவர் விளக்குவதைக் கேட்டேன்.

போன மாரியில் ஒரு பின்னேரம். மழை, கடையில் ஆளில்லை. முருங்கைக்காய்களைக் கட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"அண்டைக்கு வாசல்லை கொஞ்ச வெள்ளைப் பெடியள் நிண்டவங்கள். ரிக்கெற் இல்லையெண்டு திரும்பிப் போனவங்கள். நான் அதைப் பாத்துப் பெருமைப்பட்டனான், தெரியுமோ?"

நான் கட்டுவதற்கு நூலை வெட்டிக் கொடுத்தேன்.

"அவங்கள் உள்ளை நிண்டிருந்தா அந்த மனிசியும் போயிருக்காது, என்ன?"

"இல்லை சித்தப்பா, அது மட்டும் காரணமில்லை..."

"உன்ரை வாசிப்பை விடு." கட்டை முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தார். "நான் வாசல்லையே நிண்டிட்டன். பெத்தவன், ஒரு பாட்டும் கேக்கேல்லை. நீ உள்ளுக்கை இருந்தனீதானே. அவன் எப்பிடி வாசிச்சவன்?"

பதிவுகள் இருக்கின்றன, கைப்பேசியிலேயே கேட்கலாம் என்றேன். அது அவருக்கும் தெரியும், கேட்டிருக்கிறார். அன்றைக்கு வாசித்ததைத்தான் கேட்கிறேன் என்றார். கதவை இழுத்து அரைவாசி மூடிவிட்டு, அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்.

எனக்கு இசை தெரியாது. முதல் பாட்டில் அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான் என்று தொடங்கினேன். இரண்டாவதில் ஒரு தந்தி அறுந்தது, நிறுத்தாமல் மற்றத் தந்திகளில் சமாளித்தான். மூன்றாவதில் நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தான். அடுத்தது அந்தப் பெண்மணி வெளியேறிய பாட்டு. அங்கே நான் நிறுத்திவிட்டேன்.

"பிறகு?" என்றார் சித்தப்பா.