உயிரோடு இருந்த அக்காவுக்கு வந்த கோடிச் சேலை

எழுபதுகளின் நடுவில், ஒரு ஆடி மாதம். தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலையில் பச்சை இலை பரப்பும் வேலையில் இருந்தேன். வயது இருபத்திரண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இன்றைக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் சொந்த அச்சகம் வைத்திருக்கிறேன். ஒன்பது புத்தகம் எழுதியிருக்கிறேன். கல்லூரியில் பேசக் கூப்பிடுகிறார்கள், எம்.ஏ. படித்தவர்கள் கீழே உட்கார்ந்து நான் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தச் சம்பவத்தை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

எழுத்தாளன் ஆகிவிட வேண்டும் என்ற வெறி அப்போதே பிடித்துவிட்டது. எப்படி ஆவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற மெல்லிய தாளில் கதை எழுதுவேன். மழைக்காலத்தில் தாள் நமத்துப்போய், மை ஊறி, ஒரு எழுத்து பக்கத்து எழுத்தின் மேல் படுத்துக்கொள்ளும். பத்திரிகைக்கு அனுப்பும்போது தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும் என்பதுகூடத் தெரியாது. இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி மெட்ராசுக்கு அனுப்புவேன். போன சுருக்கில் திரும்பி வரும். நான் அசரவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு ரசனை போதாது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கதைக்குக் கிடைக்காத வாசகர்கள் கடிதத்துக்குக் கிடைத்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் ஊருக்குக் கடிதம் எழுதித் தருவது நான்தான். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, ஒட்டுவதற்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். அது லயத்து வழக்கம். அங்கேதான் நான் ஒரு தந்திரம் செய்தேன். அவர்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அதையே வாசிப்பதுபோல் ஒப்பித்துவிடுவேன். தாளில் இருப்பது வேறு. அது என் சொந்த நடை. இப்படி எழுதிப் பழகினால்தானே கை வரும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு வீடு தள்ளியிருந்த அக்கா ஒருவர் இன்லண்ட் தாளோடு வந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். சங்கரன்கோவில் பக்கம் பிறந்த ஊர். அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி, பிடித்தவரைக் கட்டிக்கொண்டு மலையேறி நான்கு வருடம் ஆகிவிட்டது. பிறந்த வீட்டோடு பேச்சு இல்லை. அதன்பிறகு அண்ணனுக்கு அவர் எழுதப்போகும் முதல் கடிதம் அது. மனசு இளகி ஒரு பதில் போட்டுவிட மாட்டாரா என்பதுதான் அவருடைய ஆசையெல்லாம்.

"எழுது தம்பி. அண்ணே, நான் நல்லா இருக்கேன். இங்க மழை விடல. எம் புள்ளைக்கு ஒங்க மூக்கு. நான் வரும்போது மதினி மாசமா இருந்தாக, என்ன புள்ள பொறந்துச்சுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. அம்புட்டுத்தான்."

எனக்குச் சப்பென்று இருந்தது. நாலு வருடம் பேசாத அண்ணனுக்கு மூக்கைப் பற்றியா எழுதுவது? அதையெல்லாம் தள்ளிவிட்டு, என் திறமை முழுவதையும் அந்த நீலத் தாளில் இறக்கினேன். எழுதி முடித்ததும் அவர் சொன்னதையே அவருக்கு ஒப்பித்தேன். சந்தோஷமாக எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டு போனார்.

பத்துப் பதினைந்து நாள் கழிந்திருக்கும். எனக்கு அன்று பகலில் வேலை இல்லை. லயத்து வாசலில் நின்றிருந்தேன். பஸ் ரோட்டிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் நனைந்தபடி ஏறி வந்தார்கள். அந்த ஆள் கையில் ஒரு துணிப்பை. அக்காவின் பெயரைச் சொல்லி, அவள் வீடு எது என்று கேட்டார். காட்டினேன். கதவு பூட்டியிருந்தது. அவர் முகம் செத்துப்போய்விட்டது.

"எடுத்துட்டாகளா தம்பி?"

"எதைண்ணே?"

"எந் தங்கச்சியத்தான்."

எனக்குப் புரிவதற்குள் அந்த மதினி வாசல்படியில் விழுந்து, மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். துணிப்பையிலிருந்து புதுச்சேலை ஒன்று வெளியே சரிந்தது. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துகிற கோடி. என் காலுக்குக் கீழே மலையே நழுவுவதுபோல் இருந்தது.

யாரோ கொழுந்து எடுக்கிற மேட்டுக்கு ஓடி அக்காவிடம், உன் வாசலில் அழுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தன் பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, முதுகுக் கூடையைக்கூடக் கழற்றாமல், கொழுந்து சிதறச் சிதற ஓடிவந்தார். அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான்கு வருடக் கோபமும் அப்போதுதான் வெளியே வந்தது.

"ஏட்டி, ஆளக் கூப்பிட இதுதான் வழியா? நீ செத்துட்டன்னு நெனச்சு இந்தக் கோடிய கடையில வாங்கிட்டு வந்தேன்ட்டி. இனி நீ நெசமாவே செத்தாலும் இந்த மலை ஏற மாட்டேன்." சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து வீசிவிட்டு, "வா போவோம்" என்று மதினியைத் தூக்கினார்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார். "தம்பி, நான் என்ன எழுதச் சொன்னேன்னு அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டு."

பழைய தந்திரம் பலிக்காது. ஊரில் தபால்காரர் வாசிக்கக் கேட்டு அண்ணனுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. சுற்றி லயத்துப் பெண்கள். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு வாசித்தேன்.

"அண்ணா! இம்மலையின் பனி என்னைப் போர்த்தக் காத்திருக்கிறது. அடுத்த மழை ஓய்வதற்குள் நான் மண்ணோடு மண்ணாகிவிடுவேன். என் கடைசி மூச்சில் கலந்திருப்பது தங்கள் திருநாமமே..."

"இது யாரு தம்பி, நானா?" என்றார் அக்கா.

"நானாத்தான் சேர்த்தேன் அக்கா. நீங்க சொன்னது எதையும் எழுதல."

பின்னாலிருந்து ஒரு கிழவி கத்தினார். "அட பாவி! எம் மருமவனுக்கு என்னத்தல எழுதித் தொலைச்ச? அதான் அவன் பதிலே போடலயா?" நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் என் காது இன்றும் சுடுகிறது.

அக்கா சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. போகத் திரும்பிய அண்ணனின் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, எம் புள்ளைக்கு ஒங்க மூக்குன்னு எழுதச் சொன்னேன். மதினிக்கு என்ன புள்ள பொறந்துச்சுன்னு கேக்கச் சொன்னேன்."

அண்ணன் இரண்டு எட்டு நடந்தார். நின்றார். "பொட்டப் புள்ள" என்றார், திரும்பாமலே. "ஒன்ன மாதிரியே பிடிவாதம்." பிறகு திரும்பிப் பார்த்து, "ஒம் புள்ள எங்கட்டி?" என்று கேட்டார்.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்கு மூவரும் மழையிலேயே போனார்கள். திரும்பி வரும்போது பிள்ளை மாமன் தோளில் இருந்தது.

மதினி அந்தச் சேலையை ஆற்றில் விட்டுவிட வேண்டும், கண்ணில் காட்டக்கூடாது என்றார். அக்கா பிடுங்கிக்கொண்டார். "பொறந்த வீட்டுக் கோடிய உசுரோட இருந்து உடுத்த எத்தன பேருக்குக் குடுத்து வச்சிருக்கு?" என்று சொல்லி அன்றைக்கே கட்டிக்கொண்டார். லயமே வாயில் கை வைத்தது.

அதன்பிறகு பல மாதம் ஒருவரும் என்னிடம் கடிதம் எழுத வரவில்லை. வந்தது அந்த அக்கா மட்டும்தான், அதுவும் அண்ணன் ஊருக்குத் திரும்பிய மறு ஞாயிறே. "நான் சொல்றத மட்டும் எழுதணும், சரியா?" என்றார். அவரைவிடப் பத்து வயது சின்னவன் நான்; அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மழை நின்றது, புள்ள உங்களைத் தேடுது, மதினி மறந்து வைத்துவிட்டுப்போன சீப்பு என்னிடம் இருக்கிறது என்று சொன்னார். கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் எழுதினேன்.

இத்தனை புத்தகம் என் பெயரில் வந்துவிட்டது, மாலை மரியாதைக்கும் குறைவில்லை. ஆனாலும் நான் ஒழுங்காக எழுதிய முதல் எழுத்து எது என்று கேட்டால், என் பெயர் எங்குமே இல்லாத அந்த இரண்டாவது இன்லண்ட் கடிதம்தான் என்று என் மனசு சொல்கிறது.