பெரட்டுக்குப் போன அம்மாவைப் பிரட்டல் செய்ய வைத்த கதை

போன வாரம் மலையகத்து டிக்கோயாவிலிருந்து மகேஸ்வரி போன் கோல் எடுத்தாள். என் சித்தி மகள். தேயிலைத் தோட்டத்தில் வேலை. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். ஒரே மகள் தர்ஷினி, தரம் மூன்று.

“அக்கா, புள்ளையோட ரிப்போர்ட் வந்திருக்கு. வகுப்புல வாயே தொறக்க மாட்டேங்குதாம். வீட்டுல அக்கறை எடுக்கணும்னு எழுதியிருக்காங்க. ஸ்கூலுக்குக் கொஞ்சம் வர்றீங்களா? எனக்குப் பேச வராதுக்கா.”

பேச வராதா? மகேஸ்வரிக்கா? பீலியடியில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு பேசினால் மேல் வரிசை லயத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள்!

அக்கறை இல்லையாம்... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டு நடைமுறை எனக்குத் தெரியும். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி, கை கால் கழுவி, ரொட்டிக்கு மாவைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்துவிடுவாள். “இன்னிக்கு என்ன படிச்ச? டீச்சர் என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?” பிள்ளை பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து வாசிக்கும். தடுக்கினால் அடுப்பைப் பார்த்தபடியே இவள் எடுத்துக் கொடுப்பாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மூன்றாம் தரத்துக்கு அது தாராளமாகப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மகேஸ்வரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தர்ஷினி ஒரு மூலையில் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை இல்லை.

“என்னடி இது?” என்றேன்.

மகேஸ்வரி பிள்ளையின் பாடக் கொப்பியை எடுத்து நீட்டினாள். ‘என் அம்மா’ என்று ஐந்து வசனம். மூன்றாவது வசனம்: ‘அம்மா காலையில் பெரட்டுக்குப் போவார்.’ அதன் மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. கீழே திருத்தம்: ‘அம்மா காலையில் பிரட்டல் செய்வார்.’ பக்கத்தில் இன்னொரு வரி — ‘வீட்டில் சரியான தமிழ் பழக்கவும்.’

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடுகிற இடம். பெயர் கொடுத்து, யாருக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற இடம். பிரட்டல் என்பது யாழ்ப்பாணப் பக்கத்துக் கறி. ருசியான கறிதான், நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் மழையில் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போன ஒருத்தியை ஒரே கோட்டில் குசினிக்குள் தள்ளிவிட்டது இந்தத் திருத்தம்!

“அந்த வசனத்த நான்தான்க்கா சொல்லிக் குடுத்தேன்” என்றாள் மகேஸ்வரி. “நான் பேசுறது தப்புத் தமிழாம். நம்மளால புள்ள கெட்டுப் போயிரக் கூடாதுல்ல? அதான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கிறதில்ல. எது கேட்டாலும் டீச்சர்கிட்ட கேளுன்னு சொல்லிடுறேன்.”

கேட்டீர்களா? அக்கறை இல்லாமல் அல்ல, அக்கறை கூடிப்போய் வாயை மூடிக்கொண்டவள் இவள். பிள்ளையும் பார்த்தது. அம்மா பேசுவதே தப்பென்றால் நான் பேசுவது மட்டும் சரியாகவா இருக்கும்? அதுவும் மூடிக்கொண்டது. இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரிப்போர்ட்!

பெற்றோர் கூட்டங்களில் நமக்கு என்னவெல்லாம் சொல்கிறார்கள்? பிள்ளையோடு பேசுங்கள். வாசித்துக் காட்டுங்கள். படிப்பதற்கு அமைதியான தனி இடம் ஒதுக்குங்கள். ஒரே அறைக் காம்பராவில் அடுப்பும் கட்டிலும் இருக்கிறவள் தனி இடத்துக்கு எங்கே போவாள்? அவளிடம் இருந்தது பேச்சு ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டோம். தாயின் வாயை அடைத்துவிட்டுப் பிள்ளையைப் பேசச் சொன்னால் எந்தப் பிள்ளை பேசும்? நானும் யோக்கியமில்லை. ‘பெற்றோரே, அக்கறை காட்டுங்கள்’ என்று இதே பத்திரிகைப் பக்கத்தில் எழுதிக் கிழித்தவள்தான்.

மறுநாள் மகேஸ்வரி வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டு என்னோடு வந்தாள். ஒரு பிடி பிடித்துவிடுகிற வேகத்தில்தான் போனேன். டீச்சரைப் பார்த்தால் சின்னப் பெண். யாழ்ப்பாணம். முதல் நியமனம். கொப்பியைக் காட்டி, பெரட்டு என்றால் என்ன என்று சொன்னேன். முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ அக்கா, எனக்கு உண்மையாத் தெரியாது. பிரட்டல் எண்டு எழுத வெளிக்கிட்டுப் பிள்ளை பிழை விட்டிட்டுது எண்டெல்லோ நினைச்சனான். நான் இஞ்ச வந்து ஆறு மாசம்தான்.”

ஆறு மாசம்! காலையில் வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் தாயும் எங்கே போகிறாள் என்று கேட்க ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்தது கொஞ்சமல்ல. அந்த நன்றி எனக்கு உண்டு. நன்றி வேறு, கோபம் வேறு. அந்தப் பெண் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். இந்தப் பிள்ளைகள் யார், வீட்டில் என்ன பேசுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கையில் நியமனக் கடிதத்தைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்களே, மீதிக் கோபம் அந்த அதிகாரிகள் மேல்.

நல்ல பெண். அங்கேயே தன் கோட்டை அடித்து ‘சரி’ என்று எழுதினாள். மகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ர பிழைதான். நீங்கள் வழமை போலப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்கோ” என்றாள். மகேஸ்வரி தலையை ஆட்டினாள். எனக்கும் மனசு ஆறிவிட்டது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பாடசாலை விட்டதும் மூன்று பேருமாக இறக்கத்தில் நடந்து வந்தோம். தர்ஷினி கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, பல நாள் கழித்து அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டது.

“அம்மா, கொழுந்துன்னா என்னான்னு எழுதிட்டு வரச் சொன்னாங்க. என்னா எழுதுறது?”

மகேஸ்வரி நின்றாள். இரண்டு பக்கமும் தேயிலை. “இளசா துளிர்த்து வருதுல்ல, அந்த எல...” என்று ஆரம்பித்தாள். சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

“எதுக்கும் டீச்சர்கிட்ட ஒருக்கா கேட்டுக்கம்மா.”

நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கிறவளுக்கு, கொழுந்துக்கு அர்த்தம் சொல்லப் பயம். இனி எந்த முகத்தோடு அவளிடம் போய் ‘அக்கறை காட்டு’ என்று எழுதுவேன்?