கடலில் கால் நனைத்த காந்தம்

காந்தம் செய்கிற தொழிலில் ஒரு கோதாரி இருக்கிறது: நல்லாய்ச் செய்தால் அது மோட்டருக்குள்ளே ஒளிந்து கிடக்கும், ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள், பழுதாய்ப் போனால் ஊரே கழற்றிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத சாமானைச் செய்துவிட்டுப் பேச்சு மட்டும் வாங்குகிறவர்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிட்டும் கரண்டியும்

கிளிநொச்சியில் எங்கள் பட்டறை. காந்தம் என்றதும் எல்லாரும் இரும்புக் கட்டியைத்தான் நினைப்பார்கள். நாங்கள் செய்வது வேறு. காந்தத்தூளைப் பசையோடு குழைத்து, அச்சில் வைத்து அமத்தி, அவண் அடுப்பில் சூடுகாட்டி, வளையமாக எடுப்போம். அதுக்குப் பூச்சுப் பூசி, கடைசியில்தான் காந்தம் ஏற்றுவது. அதுவரைக்கும் அது ஒரு கறுப்பு வளையம், அவ்வளவுதான். தண்ணிப் பம்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன வளையம் வேண்டும், எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று படம் கீறிக் கொடுப்பது என்னுடைய வேலை.

கீறுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பாதி நேரம் கனவுதான் காண்பேன். வளையத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் வட்டம் வட்டமாய்ப் போய் வருவதை நினைத்தேன் என்றால், பக்கத்தில் லொறி போனாலும் எனக்குக் கேளாது. ஒருநாள் அப்படியே யோசித்தபடி மத்தியானப் பிட்டைத் தின்றுகொண்டிருந்தேன். மேசையில் காந்தம் ஏற்றின வளையங்கள் கிடந்தன. அச்சு அமத்துகிற பவானி அக்கா வந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சொன்னா: "தங்கச்சி, கரண்டி அங்கை வளையத்திலை ஒட்டிக்கிடக்குது. நீர் வெறுங்கையை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டிருக்கிறீர்."

முள்ளியவளையிலிருந்து ஒரு வண்டி

நசீர் நானாவுக்கு முல்லைத்தீவில் கடை. கால் ஏலாதவர்களுக்குப் பற்றறியில் ஓடுகிற மூன்று சில்லு வண்டி பூட்டிக் கொடுப்பார். முன்சில்லுக்குள்ளேயே மோட்டர் இருக்கும். அதுக்குள்ளே பூட்ட எங்கள் வளையம் வேண்டுமாம். ஒருநாள் வண்டியையும் அதன் சொந்தக்காரியையும் ஒரு வான் பிடித்து அதில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். செல்வமலர் அக்கா முள்ளியவளையில் தையல் செய்கிறவா. இரண்டு காலும் இல்லை. தைத்த சட்டைகளை வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வண்டி. அதுவரைக்கும் பஸ்ஸுக்கும் கோயிலுக்கும் ஆராவது அவாவைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

நான் பெரிய ஆள் மாதிரி, எவ்வளவு வேகம் வேண்டும், எவ்வளவு பாரம் ஏற்றுவீங்கள், எவ்வளவு தூரம் போவீங்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவா என்னை முழுக்கக் கேட்கவிட்டுவிட்டுச் சொன்னா: "வேகம் கூடக் குறைய இருக்கட்டும் பிள்ளை. நடுவழியிலை நிண்டு, ஆரும் வந்து என்னைத் தூக்கிற நிலை மட்டும் வரக்கூடாது."

வெயில் தெரியாத வளையம்

முதல் வளையம் வெடித்துவிட்டது. மோட்டரின் இரும்புக் கிண்ணத்துக்குள் அதை இறுக்கிப் பூட்டினால் நல்லது என்று நினைத்தேன். முள்ளியவளை வெயிலில் கிரவல் ரோட்டில் ஓடினால் வளையமும் கிண்ணமும் சூட்டில் ஒரேமாதிரி விரியாது என்பதைக் கணக்கில் கொஞ்சமாய்த்தான் போட்டிருந்தேன். நல்லகாலம், வண்டி வீட்டு வாசலிலேயே நின்றதால் ஒருத்தரும் தூக்கவேண்டி வரவில்லை. அடுத்ததுக்குச் சுற்றிவரக் கொஞ்சம் இடைவெளி விட்டு, இளகி நிற்கிற பசையால் ஒட்டினேன். அது பிடித்தது. வெடித்த துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது நசீர் நானா கோபப்படவேயில்லை. "உங்கட வளையத்தைக் கொஞ்ச நாள் எங்கட ஊரிலை இருக்க விட்டிருக்கலாம் தங்கச்சி, வெயில் பழகியிருக்கும்" என்றார்.

சில்லு

வைகாசியில் வருகிற வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஏழு நாள் முந்தி, எண்ணெய்க்குப் பதிலாய் விளக்கெரிக்கக் கடல்தண்ணி எடுப்பார்கள். தீர்த்தம் எடுத்துப் போன பிறகு, கூடி நின்ற சனம் கடலில் இறங்கிக் கால் நனைக்கும். செல்வமலர் அக்காவும் அன்றைக்கு இறங்கியிருக்கிறா, வண்டியோடு. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த திங்கட்கிழமை, பொங்கலுக்கு வற்றாப்பளை ரோட்டில் போகும்போது, சனத்துக்கு நடுவில் சில்லு இறுகி நின்றுவிட்டது. பெடியன்கள் ஓடிவந்து வண்டியோடு அவாவைத் தூக்கி ரோட்டுக் கரையில் வைத்தார்களாம்.

மோட்டரைக் கழற்றினால் உள்ளே செம்மண் மாதிரித் துரு. வளையத்தின் விளிம்பு கூராய் இருந்த இடத்தில் பூச்சு மெல்லிசாய்ப் போய், உப்பு அதுக்குள்ளால் இறங்கி, வளையம் ஊதிப்போயிருந்தது. 'கடலுக்குள் இறக்கக் கூடாது' என்று வண்டியில் எழுதி ஒட்டுவம் என்றார் நசீர் நானா. எனக்கும் அது சரியாய்ப் பட்டது. முள்ளியவளைக்கே போய், "ஆராவது மோட்டரைக் கடலுக்குள்ளை விடுவினமோ அக்கா?" என்று கொஞ்சம் சினந்துதான் கேட்டேன். அவா தையல் மிசினிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "எல்லாரும் கால் நனைச்சினம் பிள்ளை. எனக்குச் சில்லுத்தானே கால்."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கனவுகூடக் காணவில்லை.

ஜன்னலில் கடல்

நசீர் நானா வருகிற ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் கானில் கடல்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஜாம் போத்தல்களில் அதை ஊற்றி, போத்தலுக்கொரு வளையம் போட்டு, ஜன்னலில் அடுக்கினேன். காலையில் வெயில் அதுக்குள்ளால் வரும்போது மேசையெல்லாம் தண்ணி வெளிச்சம் ஆடும். நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். கெட்டுப்போகிற வளையத்தின் விளிம்பிலிருந்து துரு மெல்ல மெல்ல, சாம்பிராணிப் புகை மாதிரி மேலே எழும்பும். அது கெட்டுப்போவதுகூட வடிவாய்த்தான் இருந்தது, என்ன செய்ய.

விளிம்பை உருட்டினேன். பூச்சை மாற்றினேன். உருட்டினது காணாது என்று இன்னும் உருட்டினேன். போத்தல்கள் ஒவ்வொன்றாய்ச் சிவந்தன. மாரி மழை வந்து போனது, வயல் அறுத்தார்கள். ஒரேயொரு போத்தல் மட்டும் தெளிவாய், வைத்த அன்றைக்குப் போலவே இருந்தது. நான் அதுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். பவானி அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "மீனும் இல்லை, அலையும் இல்லை. இதையும் ஒரு கடலெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறீரே தங்கச்சி."

திரும்பவும் வற்றாப்பளை ரோட்டு

அந்த வளையத்தைப் பூட்டிக்கொண்டு செல்வமலர் அக்கா அடுத்த வருசத் தீர்த்தத்தன்றும் கடலில் இறங்கினா. சில்லு பாதி தாழும்வரைக்கும் போய், அவசரமில்லாமல் நின்று, தானே திரும்பி வந்தா. அந்தக் கிழமை முழுக்க நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். துருவுக்கு ஒரு கிழமை போதும் என்று எனக்குத்தானே தெரியும்.

பொங்கலன்றைக்கு வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே போனேன். சனம், பறை, கற்பூர வாசம், ஒன்றும் எனக்கு ஏறவில்லை. காதெல்லாம் சில்லில்தான். போன முறை அவாவைத் தூக்கின இடம் வந்தது. சில்லு மெல்லிசாய் இரைந்துகொண்டே உருண்டது. உள்ளே அந்தக் கோடுகள் வட்டம் வட்டமாய்ப் போய் வருவது எனக்குத் தெரிகிற மாதிரியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாய்க்காலுக்குள் காலை வைத்துவிட்டேன். கணுக்கால் பிரண்டு, ஒரு செருப்பும் சேற்றுக்குள் போய்விட்டது. எழும்பினால் கால் ஊன்ற முடியவில்லை. பெடியன்கள் என்னைத் தூக்க ஓடிவந்தார்கள்.

செல்வமலர் அக்கா கையைக் காட்டி அவர்களை மறித்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து எனக்குப் பக்கத்தில் நிப்பாட்டினா. "பின்னாலை ஏறும் பிள்ளை. காலை நம்பி வந்தால் இப்பிடித்தான்."

வாழ்க்கை முழுக்கக் காந்தம் செய்கிற ஒருத்திக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய மரியாதை, தான் செய்த வளையம் இழுத்துக்கொண்டு போகிற வண்டியில், ஒற்றைச் செருப்போடு குந்தியிருந்து அம்மனிடம் போய்ச் சேருவதுதான் போல.