புளித்தண்ணீரில் ஊறிய ஜீப்

துருப்பிடித்த பழைய ஜீப் ஒன்றை என் கணவர் வாங்கி வந்து, வங்காளத்தில் லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே நிறுத்தினார். நான் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மகளும் அதன் அடியிலேயே கிடந்தார்கள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை அடுப்பங்கரையில் ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ரசத்துக்கு ஊறவைத்த புளி என்று நினைத்து ஒன்றில் கைவிட்டுப் பிசைந்தேன். போல்ட்டுகள் அகப்பட்டன.

“யார் வேலை இது?” என்று கத்தினேன்.

“பித்தளை விளக்கை நீ புளி போட்டுத்தானே தேய்க்கிற? அதான் இதையும் போட்டுப் பார்த்தேன்” என்றார் கணவர்.

தமிழைவிட வங்காளம் சரளமாக வரும் மகள் ஒரு போல்ட்டைக் கழுவி நீட்டினாள். “அம்மா, தேகோ, இங்க பாரு, துரு போயிடுச்சு.”

போயிருந்தது, அரைகுறையாக. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. புதுப்புளியில் என்ன போகும்? மார்க்கெட்டில் தமிழ்க் கடைக்குப் போய்க் கறுத்த பழம்புளி வாங்கிவந்து, கல்லுப்பு சேர்த்து நானே தேய்த்தேன். அப்புறம் எந்த ஞாயிறும் நான் மாடியில் தங்கவில்லை.

ஜீப் முதன்முதலாக ஓடிய அன்று, கரியாஹாட் வரை போய் நடுச்சாலையில் நின்றுவிட்டது. கணவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ள, நானும் மகளும் பின்னாலிருந்து தள்ளினோம். என் கைக்குக் கீழே நான் தேய்த்த போல்ட்டுகள் பளபளத்தன. ஜீப் வரும்வரை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. ஜீப் அங்கே நின்றதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.