ஒப்பாரி விளையாட்டு

2002-ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். சுற்றிலும் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தன் மகளை என் வகுப்பில் சேர்த்தார். அவளுக்கு இடது கால் சூம்பியிருக்கும். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டுதான் நடப்பாள். ஒரு மாதமாகியும் யாரும் அவள் அருகில் உட்காரவில்லை. தொட்டால் தங்கள் காலும் அப்படி ஆகிவிடும் என்று பிள்ளைகள் பயந்தார்கள்.

திட்டிப் பயனில்லை, கதை சொல்லலாம் என்று தோன்றியது. ஒரு பழைய சிறுவர் புத்தகத்திலிருந்து படித்தேன். நடக்க முடியாத ஒரு சிறுமி. யாரும் விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். கடைசியில் காய்ச்சலில் இறந்துபோவாள். அப்புறம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். நான் படித்த படிப்பில் பாதி வகுப்பு அழுதுவிட்டது. எனக்கு உள்ளூரப் பெருமை.

மறுநாள் மதியம், சத்துணவு முடிந்த நேரம். வழக்கமாகக் காது கிழியும், அன்று மைதானத்தில் ஒரு சத்தமில்லை. உச்சி வெயிலில் ஒரு பிள்ளையும் கண்ணில் படவில்லை. கட்டடத்துக்குப் பின்னாலிருந்து மட்டும் மெல்லிய அழுகுரல், ஒரே ராகத்தில், பல குரல்களாக வந்தது. போய்ப் பார்த்தேன்.

சாக்கு விரித்து அந்தப் பெண் மல்லாந்து கிடந்தாள். முகமெல்லாம் வெள்ளை. மேலே எருக்கம்பூ. இரண்டு கால் கட்டைவிரல்களையும் சிவப்பு ரிப்பனால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் என் பிள்ளைகள் மாரில் அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. கன்னத்தைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அப்படியே அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"இன்னா டீச்சர், பயந்துட்டீங்களா? நீங்க சொன்ன கதையத்தான் வெளையாடிக்கினு கீறோம்" என்றாள் ஒருத்தி. சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசியிருந்தார்கள்.

"எந்திரிம்மா" என்று உலுக்கினேன். அவள் கண்ணைத் திறக்காமலே, உதடு மட்டும் அசைய, என் காதருகே சொன்னாள்: "இன்னுங் கொஞ்ச நேரம் டீச்சர். செத்தாத்தான் எல்லாரும் பக்கத்துல வாராவ."

வெள்ளை பூசிய அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம். அவளை நான்தான் அங்கே கிடத்தியிருக்கிறேன் என்று புரிந்தது.

ரிப்பனை அவிழ்த்தேன். அவள் முகத்தைக் கழுவிவிட்டு எல்லாரையும் வகுப்பில் உட்கார வைத்தேன். "நேத்து நான் படிச்ச முடிவு தப்பு. வேற முடிவு வேணும்" என்றேன். அவளே மெதுவாகச் சொன்னாள்: "அவ சாவாண்டாம் டீச்சர். வெளையாடும்போது அவளும் அவுட் ஆவணும். பாவம்னு விடப்படாது."

அன்று சாயங்காலமே அவளை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து நாள் கழித்துத்தான், "நான் கோட்டைத் தொடவேயில்ல!" என்று அவள் ஒருத்தியோடு மல்லுக்கு நிற்கும் சத்தம் கேட்டது. விலக்கிவிடாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடம் கழித்தும், ஊனமுற்ற ஒரு பிள்ளையைப் பற்றிய கதையைக் கையில் எடுத்தால், முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறேன். இரக்கப்பட வைப்பது எனக்குச் சுலபம், அது இன்னொரு குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்பதுதான் பயமாக இருக்கிறது.